பொண்ணு ஜிம்னாஸ்டிக்ஸ் டீம்ல சேர்ந்துட்டாளா? அம்மா அப்பா எதுல கூட நிக்கணும், எதுல தள்ளி நிக்கணும்

போன மாசம் ஒரு தோழி ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினா. "பொண்ண டீம்ல எடுத்துட்டாங்கடி, வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு மூணு மணி நேரமாம், எங்க ஆரம்பிக்கறதுன்னே புரியல"ன்னா. அன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். அத அப்படியே எழுதி வச்சா நாலு பேருக்கு உதவும்னு தோணுச்சு, ஏன்னா நாங்க ஆரம்பிச்சப்ப இத பத்தி தமிழ்ல பேச எங்களுக்கு ஒரு ஆள் கூட கிடைக்கல. நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம். என் பொண்ணு ஆறு வயசுல ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சா, இப்ப 12 வயசு, லெவல் 7. நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணினவ இல்ல, ஸ்கூல்ல கோ-கோ ஆடினதோட சரி, அதனால வித்தை எப்படிப் பண்றதுன்னு சொல்ல வரல, வீட்ல இருக்கற நம்ம வேலை என்னங்கறத மட்டும் சொல்றேன்.

மொதல்ல லெவல் கணக்கு. இங்க அமெரிக்காவுல 1ல இருந்து 10 வரைக்கும் லெவல். 5 வரைக்கும் ஒரு லெவலுக்கு ஒரே ரொட்டீன்தான் (வரிசையா பண்ற வித்தைங்களோட தொகுப்பு), நாடு முழுக்க எல்லா பொண்ணுங்களும் அதையேதான் பண்ணணும், ஃப்ளோருக்கு மியூசிக் கூட ஒண்ணுதான். 6ல இருந்து அவங்கவங்களுக்கு தனி ரொட்டீன், தனி மியூசிக். வால்ட் (ஓடி வந்து கை ஊனி தாண்டறது), பார்ஸ் (ரெண்டு கம்பில தொங்கி சுத்தறது), பீம் (ஒடுக்கமான உயர கட்டை மேல பண்றது), ஃப்ளோர் (தரைல மியூசிக்கோட பண்றது)னு நாலு ஈவென்ட், ஒவ்வொண்ணுக்கும் 10, மொத்தம் 40. இது போக எக்ஸெல்னு இன்னொரு வழி இருக்கு, பிரான்ஸ், சில்வர், கோல்டுன்னு ஏறிட்டே போகும், ப்ராக்டிஸ் நேரம் பெரும்பாலும் கம்மி. "எக்ஸெல்னா கொஞ்சம் மட்டமா"ன்னு என்கிட்டயே நெறைய பேர் கேட்டிருக்காங்க. இல்லவே இல்ல. பரதநாட்டியம், தமிழ் ஸ்கூல், பாட்டு எல்லாத்தையும் விடாம இதையும் வச்சுக்கணும்னு நெனைக்கற பிள்ளைக்கு அதுதான் சரியான இடம்.

ஒலிம்பிக் ஆசைய பத்தியும் ஆரம்பத்துலயே பேசிடறேன். எங்க பக்கம் அந்த ஆசைக்குக் கொறவே இல்ல, 2004 ஒலிம்பிக்ல ஆல்-அரவுண்ட் (நாலு ஈவென்ட்டும் சேந்த) தங்கம் வாங்கின கார்லி பேட்டர்சனும் 2008ல வாங்கின நாஸ்டியா லியூகினும் பக்கத்துல இருக்கற பிளேனோல பயிற்சி எடுத்தவங்கதான். அதே 2004 ஏதென்ஸ்ல வெள்ளி வாங்கின அமெரிக்க டீம்ல மோகினி பரத்வாஜ் இருந்தாங்க, அவங்க அப்பா இந்தியர், இத எங்க மாமனார் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவார். ஆனா 2024 பாரிஸுக்குப் போன டீம்ல மொத்தமே 5 பேர்தான். காலேஜ் டீம்னு பாத்தாலும் டிவிஷன் ஒண்ணுல (காலேஜ் விளையாட்டுல மேல் மட்டம்) ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கற காலேஜ் அறுபது சொச்சம்தான். ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு கணக்கு போட்டு இதுல இறங்காதீங்க, ஏன்னா அந்தக் கணக்கு ஒரு நாள் உங்க வாயில இருந்து பிள்ளை காதுல விழும், "உனக்காக எவ்ளோ செலவு பண்றோம்"னு. அதக் கேட்ட பிள்ளைக்கு அப்பறம் பீம் மேல ஏறும்போது 10 சென்டிமீட்டர் அகலம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது, நம்ம பேங்க் பேலன்ஸும் சேந்து தெரியும்.

செலவு நெசமாவே பெரிய செலவுதான். மாசாமாசம் ஃபீஸ், மீட்டுக்கு மீட் (அதாவது போட்டிக்குப் போட்டி) தனி ஃபீஸ், போட்டிக்குப் போடற லியோடார்ட்ங்கற ஒட்டின உடை (எங்களுக்கு போன வருஷம் 200 டாலர் தாண்டுச்சு), வெளியூர் மீட்னா ஹோட்டல். டீம்ல சேர்றதுக்கு முன்னாடியே வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோ ஆகும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, கேக்க வெக்கப்படாதீங்க. முடியலன்னா எக்ஸெல்ல போடுங்க, இல்ல வாரத்துக்கு ஒரு க்ளாஸ் போதும்.

இப்ப ஜிம் எப்படிப் பாத்து சேக்கறது. சுவத்துல தொங்கற பேனரையும் கோப்பையையும் விட்டுட்டு, ஒரு நாள் முழு ப்ராக்டிஸும் உக்காந்து பாருங்க. ஒரு பிள்ளை விழுந்தா கோச் மொதல்ல என்ன செய்யறாங்க, பயந்து நிக்கற பிள்ளைகிட்ட எந்தக் குரல்ல பேசறாங்க, தண்ணி குடிக்க போகணும்னு கேக்க பிள்ளைங்க தயங்குதா, பெரிய லெவல்ல எத்தன பேர் கைலயும் கால்லயும் கட்டு போட்டுட்டு நிக்கறாங்க. இந்த நாலும் தெரிஞ்சாலே போதும். அம்மா அப்பா பாக்கவே கூடாதுன்னு கதவ சாத்தற ஜிம் எவ்ளோ பெரிய ஜிம்மா இருந்தாலும் வேண்டாம்.

நாங்க மொதல்ல சேத்த ஜிம்ல ரெண்டு வருஷம் இருந்தோம். ரிசல்ட் நல்லா வந்துச்சு. ஒரு நாள் காலைல பல் தேய்க்கும்போது என் பொண்ணு கண்ணாடி முன்னாடி மூச்ச உள்ள இழுத்து வயித்த எக்கிட்டு நிக்கறா, ப்ரஷ் வாயில அப்படியே இருக்கு, மூச்ச விடவே இல்ல. அப்ப அவளுக்கு வயசு எட்டு. என்ன கண்ணான்னு கேட்டா, கோச் வரிசைல நிக்க வச்சு ஒவ்வொருத்தி வயித்தையும் விரலால தட்டி "இது என்ன"ன்னு கேப்பாங்களாம். அந்த மாசமே மாத்திட்டோம். சீசன் பாதில மாத்தினா ஒரு வருஷம் வீணாகும்னு சுத்தி இருந்தவங்க எல்லாரும் சொன்னாங்க, ஆச்சு, ஒரு சீசன் போச்சு, எனக்கு அதுல துளி வருத்தம் இல்ல.

சாப்பாட்டு விஷயம் இதோடயே சேந்து வருது. வீட்ல எடைய பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது, ஏறுனாலும் எறங்குனாலும். நம்ம ஆளுங்களுக்கு இது கஷ்டம், வீடியோ கால்ல மொத வார்த்தையே "என்னடி இப்படி எளச்சு போய்ட்ட"ன்னுதான் வரும், இல்லன்னா "கன்னம் வச்சிருக்கே"ன்னு. ரெண்டு பக்கத்துப் பாட்டிகிட்டயும் நான் தனியா போன் பண்ணி, அவ உடம்ப பத்தி எதுவுமே சொல்லாதீங்க, என்ன கத்துக்கிட்டான்னு கேளுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் புரிஞ்சுக்கிட்டாங்க.

வளர்ற பிள்ளை வாரத்துக்கு 12, 15 மணி நேரம் உழைக்கும்போது செலவாகற அளவுக்கு சாப்பாடு உள்ள போகலன்னா எலும்பு, ஹார்மோன், தூக்கம், மூடு எல்லாமே அடி வாங்கும். இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சு 2014லயே ஒலிம்பிக் கமிட்டி டாக்டர்கள் தெளிவா எழுதிட்டாங்க. 15 வயசாகியும் பெரியமனுஷி ஆகலன்னா, இல்ல வந்துட்டிருந்த பீரியட் மூணு மாசம் நின்னுட்டா, "ஜிம்னாஸ்ட்னா அப்படித்தான்"னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. எங்க வீடு சைவம், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ ஃபெரிட்டினும் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து சேமிப்பு) வைட்டமின் டியும் டாக்டர்கிட்ட சொல்லி பாத்துக்கறோம், நாள் பூரா கூரைக்கு கீழயே இருக்கற பிள்ளைங்க இல்லையா.

ப்ராக்டிஸுக்கு முன்னாடி என்ன குடுக்கறதுன்னு தோழி தனியா கேட்டா. ஸ்கூல் விட்டு ஜிம்முக்குப் போற அந்த இருபது நிமிஷம் கார்ல சாப்பிடற மாதிரி இருக்கணும். மொளகாப்பொடி தடவின மினி இட்லி, வாழப்பழம், இல்ல பீநட் பட்டர் தடவின சப்பாத்தி ரோல். சுண்டல் வயித்த உப்ப வைக்கும், அத ப்ராக்டிஸ் இல்லாத நாளுக்கு வச்சுக்கோங்க. ராத்திரி எட்டரைக்கு வந்ததும் சூடா சாதம், பருப்பு, நெய், பன்னீர் இல்ல தயிர். அவ்ளோ களைப்புல சாப்பிடாம தூங்கிடுவாங்க, அதுக்கு விடாதீங்க, தயிர்சாதமாவது ரெண்டு வாய் ஊட்டிட்டு படுக்க வைங்க. எத்தன வயசானாலும் ஊட்டலாம், தப்பில்ல.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வரேன், மீட் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற அந்த கார் பயணம். மொத சீசன்ல ஒரு மீட்ல அவ பீம்ல ரெண்டு தடவ விழுந்தா. கார் கிளம்பி பார்க்கிங் லாட் கூட தாண்டல, நான் கேட்டேன், "வீட்ல நல்லாதானே பண்ணின, ஏன் விழுந்த?" திட்டல, சாதாரணமாதான் கேட்டேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. மணிக்கட்டுல சுத்தியிருந்த டேப்ப நகத்தால கொஞ்சம் கொஞ்சமா பிச்சு பிச்சு மடில போட்டுக்கிட்டே வந்தா, நாப்பது நிமிஷம், ஒரு வார்த்தை இல்ல. வீட்டுக்கு வந்து இறங்கினப்ப சீட்ல வெள்ளையா ஒரு சின்ன குவியல் இருந்துச்சு. அத கையால கூட்டி எடுக்கும்போதுதான் எனக்கு புரிஞ்சுது, ஏன் விழுந்தோம்னு அவளுக்கு என்னைவிட நல்லா தெரியும், கோச்சுக்கு அவளைவிட நல்லா தெரியும், அந்தக் கேள்விய நான் கேட்டு யாருக்கு என்ன ஆகப் போகுது.

அதுக்கப்பறம் எங்க கார்ல ஒரு பழக்கம். நான் சொல்றது ரெண்டே விஷயம், "பசிக்குதா?", "உன்ன பாக்க எனக்கு ரொம்ப புடிச்சுது." அவளா பேசினா காது குடுத்து கேப்பேன். பாட்டு போடச் சொன்னா போடுவேன். அழுதா அழட்டும்னு விடுவேன், அழற பிள்ளைக்கு "பரவால்லடா அடுத்த தடவ"ன்னு அவசரமா ஆறுதல் சொல்லக் கூட வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும். ஸ்கோர நானா எடுக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு இது பழக ஒரு வருஷம் ஆச்சு, அவர் ஒவ்வொரு மீட் ஸ்கோரையும் கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு ஷீட்ல ஏத்தி வச்சிருந்தார், கூடவே அதே செஷன்ல மத்த பொண்ணுங்க ஸ்கோரும். பொண்ணு அத ஒரு நாள் லேப்டாப்ல பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மூடி வச்சா. அன்னிக்கே அழிச்சுட்டார்.

ஸ்கோர பத்தி நமக்குத் தெரிஞ்சிருக்கணும், ஆனா நமக்காக மட்டும். டிவில பாக்கற பெரிய போட்டில கீழ விழுந்தா 1 பாயின்ட் போகும், இங்க லெவல் போட்டில 0.5. முட்டி மடங்கினா 0.3 வரைக்கும் போகலாம். ஒரு மீட்ல 9.2 வாங்கின அதே ரொட்டீனுக்கு அடுத்த மீட்ல 8.7 வரும், வேற ஜட்ஜ், அவ்ளோதான். அதனால ரெண்டு மீட்ட ஒப்பிட்டு "எறங்கிட்ட"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. போன மீட்ல பார்ஸ்ல கிப்ப (ஆடி கம்பி மேல ஏறற வித்தை) தவற விட்டா, இந்த மீட்ல விடல, அந்த மாதிரி ஒரு விஷயம் கண்ணுல பட்டா அத சொல்லுங்க.

வீட்ல கோச்சிங் வேண்டாம். ஸ்ப்ளிட் வரலன்னு தோள அமுக்கறது, யூடியூப் பாத்து பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னாடி வளைஞ்சு கை ஊனி எழற வித்தை) சொல்லித் தர்றது, வீடியோ எடுத்து ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஸ்லோ மோஷன்ல போட்டு காட்டறது, எதுவும் வேண்டாம். வீட்ல அவளுக்கு அம்மா அப்பா வேணும், கோச் ஜிம்ல இருக்காங்க.

அடுத்து பயம். இது வராத ஜிம்னாஸ்ட்டே இல்லன்னு சொல்லலாம். லெவல் 6 முடிச்சப்பறம் திடீர்னு ஒரு நாள் என் பொண்ணுக்கு பீம்ல பேக் ஹேண்ட்ஸ்பிரிங் நின்னு போச்சு. ஒரு வருஷமா பண்ணிட்டிருந்தது. பீம் மேல நின்னு ரெண்டு கையையும் தூக்குவா, முட்டிய மடக்குவா, அப்படியே நிப்பா, கைய எறக்கிடுவா, மறுபடி தூக்குவா. பாக்கற எனக்கு வயிறு பெசையும். "நேத்து பண்ணினியே"ன்னு சொல்றதோ, பண்ணினா ஐஸ்க்ரீம், ஐபேட்னு ஆசை காட்றதோ இதுக்கு மருந்தே இல்ல, அது சோம்பேறித்தனமும் இல்ல, அடமும் இல்ல. மூளை உடம்ப காப்பாத்த பிரேக் போடுது, அவ்ளோதான். 2021ல டோக்கியோ ஒலிம்பிக் டீம் ஃபைனல்ல அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கு காத்துல தான் எங்க இருக்கோம்ங்கறதே தப்பி போச்சு, ரெண்டரை சுத்து சுத்த வேண்டிய வால்ட்ல ஒண்ணரைலயே இறங்கி, போட்டிய விட்டு விலகினாங்க. உலகமே என்னென்னவோ பேசுச்சு. ஒரு வாரம் கழிச்சு பீம்ல ட்விஸ்ட் (காத்துல உடம்ப திருகி சுத்தறது) இல்லாம கீழ எறங்கி வெண்கலம் வாங்கினாங்க, 2024ல பாரிஸ்ல மூணு தங்கம். இந்தக் கதைய நான் பொண்ணுகிட்ட ஒரே ஒரு தடவ சொன்னேன், பாடமா எடுக்கல.

கோச் அவள தரைல வரைஞ்ச கோட்டுக்கு இறக்கினாங்க, அப்பறம் தரையோட ஒட்டின பீம், அப்பறம் சுத்தி மேட் அடுக்கின உயர பீம், கொஞ்ச நாள் பக்கத்துல நின்னு ஸ்பாட், அதாவது கை குடுத்து தாங்கறது. அஞ்சு மாசம் ஆச்சு திரும்ப வர. அந்த அஞ்சு மாசத்துல நான் செஞ்சது, ப்ராக்டிஸ் முடிஞ்சு வரும்போது "வந்துச்சா?"ன்னு கேக்காம இருந்தது. அது ஒண்ணும் சின்ன வேலை இல்லன்னு அந்த இடத்துல நின்ன அம்மாக்களுக்குத் தெரியும். கோச் கத்தியோ தண்டனை குடுத்தோ பயத்த போக்கப் பாத்தா மட்டும் நீங்க உடனே உள்ள போய் பேசணும்.

வலிய பத்தி. உள்ளங்கை தோல் கிழியறது சகஜம், பிள்ளைங்க அத "ரிப்"புன்னு சொல்லுவாங்க. நல்லா கழுவி, தொங்கற தோல மட்டும் சுத்தமான கத்தரியால வெட்டி, ராத்திரி வாசலின் போட்டு சாக்ஸ மாட்டி தூங்க வைங்க. ஆனா எலும்பு வலி வேற. வளர்ற வயசுல எலும்போட நுனில வளர்ச்சித் தட்டு இன்னும் மிருதுவா இருக்கும், ஜிம்னாஸ்ட் கையால நடக்கறதால மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கத்து எலும்புல அது அடி வாங்கும், குதிச்சு எறங்கறதால குதிகால்ல வலிக்கும், பின்னாடி வளையும்போது இடுப்புக்கு மேல குத்தினா முதுகெலும்புல விரிசலா இருக்கலாம். சுளுக்கு, எண்ணெய் தேச்சு நீவினா சரியாகும்னு விடாதீங்க. எங்க வீட்டு விதி, ஒரே இடத்துல ஒரு வாரத்துக்கு மேல வலி, இல்ல ராத்திரி தூக்கத்த கெடுக்கற வலின்னா, குழந்தைங்க ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர். அங்க போனா "எப்ப திரும்ப போகலாம்"னு மட்டும் கேக்காதீங்க, "இப்ப எதெல்லாம் பண்ணலாம்"னு கேளுங்க. கை அடிபட்ட பிள்ளை ஜிம்முக்குப் போய் கால் பயிற்சியும் ஸ்ட்ரெச்சும் பண்ணலாம், ஃப்ரெண்ட்ஸோட இருக்கலாம், வீட்ல தனியா உக்காந்தாதான் மனசு ஒடஞ்சு போகும்.

இப்ப சொல்லப் போறத தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. லேரி நாசர்ங்கற டாக்டர் அமெரிக்க தேசிய டீமுக்கே டாக்டரா இருந்தவன், சிகிச்சைங்கற பேர்ல வருஷக்கணக்கா பொண்ணுங்கள நாசம் பண்ணினான். 2016ல ரேச்சல் டென்ஹாலந்தர் பேர் சொல்லி வெளிய வந்து பேசினப்பறம்தான் கதவு திறந்துச்சு, 2018 ஜனவரில மிஷிகன் கோர்ட்ல 150 பேருக்கு மேல எழுந்து நின்னு பேசினாங்க, 40ல இருந்து 175 வருஷம் வரைக்கும் சிறை. சில சமயம் அம்மா அதே ரூம்லயே உக்காந்திருந்திருக்காங்க, அவங்களுக்கு தெரியாதபடி மறைச்சு நின்னு செஞ்சிருக்கான். பெரிய டாக்டர், நல்ல மனுஷன், நம்ம பிள்ளைக்கு உதவறார்னு நம்பின அம்மாக்கள் அவங்க. நம்ம ஊர்ல குரு, டாக்டர்னா எதிர்த்து ஒரு கேள்வி கேக்காம வளந்தவங்க நாம, அதனால நாம இன்னும் கவனமா இருக்கணும்.

இப்ப சேஃப்ஸ்போர்ட்னு, விளையாட்டுல இருக்கற பிள்ளைங்கள பாதுகாக்கற விதிகள் இருக்கு. பெரியவங்க ஒருத்தரும் பிள்ளை ஒருத்தியும் தனியா இருக்கற நெலம வந்தா, அது அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியற, குறுக்கிடக் கூடிய இடமா இருக்கணும். கோச் பிள்ளைக்கு மெசேஜ் பண்ணினா அம்மா இல்ல அப்பாவும் அதுல இருக்கணும். தடை போட்ட கோச்சுங்க பேர் இன்டர்நெட்ல எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கு, சேர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தேடிப் பாருங்க. வீட்ல பிள்ளைகிட்ட வெளிப்படையா சொல்லி வைங்க. ஸ்பாட் பண்ணும்போது இடுப்பு, முதுகு, தோள், தொடைன்னு எங்க கை வைப்பாங்கன்னு அவளுக்குத் தெரியணும், அதத் தாண்டி எதுவும் வித்தியாசமா பட்டா யாரா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லலாம், அம்மா நம்புவா, அதுக்காக ஜிம்ம நிறுத்த மாட்டா. இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம், சொன்னா ஜிம் போயிடும்ங்கற பயத்துலயே நெறைய பிள்ளைங்க வாயத் திறக்கறதில்ல.

லியோடார்ட் பத்தி சொந்தக்காரங்க பேசத்தான் செய்வாங்க, பெரிய பிள்ளை ஆகற வயசு வந்ததும் அதிகமா பேசுவாங்க. அத நீங்க வாங்கிக்கோங்க, பிள்ளை காது வரைக்கும் விடாதீங்க. அவளுக்கே கூச்சமா இருந்தா அது வேற, அப்ப கோச்சோட பேசுங்க, முழுக்காலையும் மூடற யூனிடார்ட் போட அனுமதி இருக்கு, 2021ல ஜெர்மனி டீம் டோக்கியோல அதத்தான் போட்டுச்சு. பீரியட் நாள்ல என்ன செய்யறதுன்னு முன்னாடியே பேசி, ஜிம் பேக்ல ஒரு சின்ன பை வச்சிடுங்க.

மீட் அன்னிக்கு நம்ம வீடுகளுக்கே உரிய ரெண்டு விஷயம். தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க, கொண்டை நிக்காது, கை கால்ல எண்ணெயோ லோஷனோ இருந்தா பார்ஸ்ல வழுக்கும், அது ஆபத்து. நகையில சின்ன தோடோட நிறுத்திக்கோங்க, கொலுசு, வளையல் எல்லாத்தையும் கழட்டிடுங்க. கைல கட்டின சாமி கயிறும் அதுல சேரும். எங்க அம்மா திருச்செந்தூர்ல இருந்து கொண்டு வந்து கட்டின கயித்த மொத மீட்ல கடைசி நிமிஷத்துல கழட்டச் சொன்னாங்க, பொண்ணு அழுதுட்டா. இப்ப அது அவ க்ரிப் (பார்ஸ்க்கு கைல மாட்டற தோல் பட்டை) பைக்குள்ள சாக் தூள்ல வெள்ளையாகி கெடக்கு, பார்ஸ்க்கு முன்னாடி ஒரு தடவ தொட்டுக்கிட்டு போவா.

நிறுத்தணும்னு சொன்னா என்ன பண்றது? என் பொண்ணு ரெண்டு தடவ சொல்லியிருக்கா. மீட் முடிஞ்ச ராத்திரியோ அடிபட்ட வாரமோ முடிவெடுக்காதீங்க, சரி யோசிக்கலாம்னு சொல்லி ரெண்டு வாரம் விடுங்க, அப்பறம் நல்லா தூங்கி எழுந்த ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கேளுங்க. எது புடிக்கல, ஜிம்மா, கோச்சா, ஏதாவது ஒரு ஸ்கில்லா, இல்ல ஃப்ரெண்ட்ஸோட சண்டையா? என் பொண்ணுக்கு ஒரு தடவ அது வெறும் தூக்கம் பத்தாதது, ஒரு நாள் ப்ராக்டிஸ கொறச்சோம், சரியாச்சு. அப்பவும் வேண்டாம்னு சொன்னா, முடிஞ்சா சீசன் முடியற வரைக்கும் போகலாம், முடியலன்னா அன்னிக்கே நிறுத்துங்க. இத்தன வருஷம், இவ்ளோ பணம்னு பேச்ச எடுக்காதீங்க. கடைசி நாள் அவள கூட்டிட்டு போய் கோச்சுகிட்டயும் டீம் பிள்ளைங்ககிட்டயும் நல்லபடியா சொல்லிட்டு வாங்க, லாக்கர்ல இருக்கற க்ரிப்பையும் தண்ணி பாட்டிலையும் மறக்காம எடுத்துக்கோங்க, அடுத்த வாரம் அந்த டீம் பிள்ளைங்கள வீட்டுக்கு தோசை சாப்பிட கூப்பிடுங்க.